கூட்டம் இல்லாத ஒரு திங்கட்கிழமை

அக்டோபர் 24, வெள்ளி

வண்டியில் தண்ணீர்க் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. ஆயுதபூஜைக்கு முன்னால் வாங்கிப்போன ஸ்பேனரோடு மெக்கானிக் பச்சையப்பன் இன்றுதான் வந்தான். இரண்டு நாள் வேலை என்று சொன்னவன், இரண்டு மாதமாக இழுக்கிறான்.

பழைய பள்ளிக்கூட மினி பஸ் இது. சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு ஒரு கட்டில், ஒரு கேஸ் அடுப்பு, திரைச்சீலை, பின்பக்கம் ஒரு கக்கூஸ் என்று வைத்தாயிற்று. மகள் ரூபா சென்னையிலிருந்து போனில், "நைனா, அதுக்குப் பேரு மோட்டார்ஹோம்" என்கிறாள். இந்த ஆந்திரப் புத்தூரில் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் 'கக்கூஸ் வண்டி.' பால்காரன்கூட அப்படித்தான் அடையாளம் சொல்கிறான். சிரிக்கட்டும். என் வீட்டுக்காரி வள்ளிக்காக வைத்தது.

போன வருடம் தங்கை ஊர்த் தேர்க் கூட்டத்தில் வள்ளி கீழே விழுந்தாள். நாலைந்து பேர் மேலேயே ஏறிப் போனார்கள். கணுக்கால் உடைந்தது. கட்டுப் போட்டு எலும்பு சேர்ந்து எத்தனையோ மாதமாகிறது. கட்டுப் போட்டவரே, "எலும்பு ஒட்டிக்கிச்சிமா, இனிமே நடக்கறது உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். ஆனால் அவள் வாசற்படி தாண்டி வருவதில்லை. நாலு பேர் சேர்ந்து நின்றாலே கை நடுங்குகிறது. கடைக்கும் கோயிலுக்கும் நான்தான்.

நவம்பர் 30 ரூபாவுக்கு வளைகாப்பு. சென்னையில் மண்டபம், முந்நூறு பேர். "நீ போய்ட்டு வா" என்கிறாள் வள்ளி. ஒரே மகளின் வளைகாப்புக்கு அம்மா இல்லாமலா?

அக்டோபர் 26, ஞாயிறு

மழை.

இன்று வள்ளி கேட்டாள்: "இருபத்தெட்டு வருஷம் டூரிஸ்ட் பஸ் ஓட்னியே, அந்தத் தலக்கோனா அருவி எப்டி இருக்கும்?"

நூறு தடவைக்கு மேல் போயிருப்பேன். எல்லாரையும் இறக்கிவிட்டு பார்க்கிங்கில் உட்கார்ந்திருப்பேன். வண்டியை விட்டு நகரக்கூடாது என்பது ஓனர் உத்தரவு. ஒரு பக்கம் குரங்கு, ஒரு பக்கம் டீசல் திருடுகிறவன். நனைந்துபோய் வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அருவியைப் பார்த்ததில்லை.

சொன்னேன். ரொம்ப நாளைக்கப்புறம் வாய்விட்டுச் சிரித்தாள். "யாரும் இல்லாதப்போ கூட்டிக்கினு போவியா?" என்றாள்.

தானாக வாய்திறந்து வெளியே போகக் கேட்கிறாள்! ஆளில்லாத இடத்துக்கு ஒரு தடவை போய்வந்தால் தைரியம் வரும். அப்புறம் மண்டபம். இதுதான் திட்டம்.

அக்டோபர் 29, புதன்

இன்னும் மழை. அருவிப் பக்கம் விடவில்லை என்று அந்தப் பக்கத்து டிரைவர் ஒருவன் சொன்னான். என் நேரம்.

நவம்பர் 4, செவ்வாய்

ஒத்திகை பார்க்கலாம் என்று பக்கத்திலேயே இருக்கிற கைலாசகோனா அருவிக்குப் போனோம். செவ்வாய்க்கிழமை யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்று காலேஜ் பஸ்! ஒரு பையன் பாட்டுப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடுகிறான். இன்னொருவன் எங்கள் வண்டிக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுக்கிறான்.

வள்ளி திரைச்சீலையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். "ஊட்டுக்குப் போலாம்... ஊட்டுக்குப் போலாம்..." வேறு வார்த்தை இல்லை. திரும்பிவிட்டோம்.

வரும் வழியில் அவள் மேல் எரிந்து விழுந்தேன். "அவனுங்க இன்னா உன்னைத் துன்னுடுவானுங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக்கூடாது. ராத்திரி சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் அவள் வரவில்லை.

நவம்பர் 6, வியாழன்

இனி நாள் பார்க்காமல் போவதில்லை. இருபத்தெட்டு வருட டிரைவர் மூளையைக் கசக்கி உட்கார்ந்தேன். சனி, ஞாயிறு வேண்டாம், பெங்களூர்க் கார்கள். திருமலையில் நெரிசலாக இருந்தால், தரிசனம் முடித்துக் கீழே இறங்குகிறவர்கள் நடுவாரத்தில் தலக்கோனாவுக்கு வருவார்கள். பௌர்ணமி நேற்றோடு போயிற்று. மிச்சம் திங்கட்கிழமை. லீவு முடிந்து எல்லாரும் வேலைக்கு ஓடுகிற நாள்.

சமையலறையில் தொங்கும் காலண்டரைப் பார்த்தேன். திருத்தணியிலிருந்து மச்சான் கொடுத்தது. நவம்பர் 10, திங்கள், ஐப்பசி 24. விரதம் இல்லை, விசேஷம் இல்லை, லீவு இல்லை. ஏழரைக்கு ராகு காலம், அதற்கு முன்னால் கிளம்பிவிட வேண்டும். அவ்வளவுதான்.

வள்ளியிடம் சத்தியம் செய்தேன். "ஈ, காக்கா இருக்காது." அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "சரி" என்றாள்.

நவம்பர் 10, திங்கள்

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

காலை ஐந்துக்குக் கிளம்பினோம். திருப்பதி தாண்டும்வரை ரோடு காலி. வள்ளி முன் சீட்டுக்கே வந்து உட்கார்ந்தாள். பாகராபேட்டை மலைப்பாதையில் ஒரு டிராக்டர் முன்னால் போனது. நிறைய அண்டா, வாழையிலைக் கட்டு, பெண்கள். கல்யாணம் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு லாரி, அதிலும் அண்டா. அப்புறம் இரண்டு பஸ். ஐப்பசியில் இவ்வளவு கல்யாணமா? சந்தேகம் அப்போதே வந்திருக்க வேண்டும். வரவில்லையே!

செக்போஸ்ட்டில் வண்டிகள் அரைக் கிலோமீட்டர் நின்றன. காவலுக்கு இருந்தவனிடம் என்னப்பா இது என்று கேட்டேன். "கார்த்தீக சோமவாரம் கதா பெத்தாயனா!" என்று என்னை ஏற இறங்கப் பார்த்தான். கார்த்திகை மாதத்துத் திங்கட்கிழமையாம். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

நமக்குக் கார்த்திகை பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. தெலுங்குக்காரர்களுக்கோ தீபாவளி அமாவாசை முடிந்த மறுநாளே பிறந்துவிடும். அந்த மாதத்துத் திங்கள் எல்லாம் சிவனுக்கு. தலக்கோனாவில் சிவன் கோயில் இருக்கிறது. அதோடு வனபோஜனம். காட்டுக்கு வந்து நெல்லி மரத்தடியில் சமைத்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இது எனக்குத் தெரியாதா? வருடா வருடம் இந்த மாதம் முழுக்க வனபோஜன டிரிப் அடித்தவன் நான்! அப்போது தேதியை ஓனர் சொல்வான், நான் ஸ்டியரிங்கைப் பிடிப்பேன். இப்போது சொந்தமாக நாள் பார்த்தேன். ஆந்திராவில் உட்கார்ந்துகொண்டு திருத்தணிக் காலண்டரைப் பார்த்தேன். முட்டாள். என்னை எதால் அடிப்பது?

திரும்பவும் முடியவில்லை. பின்னால் இருபது வண்டி. உள்ளே தள்ளிவிட்டார்கள். இரண்டு பஸ்ஸுக்கு நடுவில் போய் மாட்டிக்கொண்டோம். வள்ளி பின்னால் போய்க் கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். திரைச்சீலை மூடியாயிற்று. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "ஈ, காக்கா இருக்காதுன்னு சொன்ன" என்று ஒரே ஒரு முறை சொன்னாள். நான் ஸ்டியரிங்கைக் குத்தினேன். ஹாரன் அடித்துக்கொண்டது. பக்கத்து பஸ் டிரைவர் என்னைத் திட்டினான்.

எட்டு மணி இருக்கும். யாரோ கதவைத் தட்டினார்கள். அறுபது வயதுப் பெண்மணி. பெயர் லட்சுமம்மா, ஊர் பாகாலாவாம். தெலுங்கில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினாள். "அண்ணா, பின்னாடி கொழா தெரிதே, உள்ள பாத்ரூம் இருக்குதா? எங்க மருமவளுக்கு அவசரம். அங்க லைன்ல நிக்க முடியல, மாசமா கீறா."

"அதெல்லாம் இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். எனக்கிருந்த கோபத்தில் யார் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

உள்ளேயிருந்து வள்ளி குரல் வந்தது. "எத்தினி மாசம்?"

"ஏழும்மா."

நம்ம ரூபாவுக்கும் ஏழு.

திரைச்சீலை விலகியது. வள்ளி எழுந்து வந்து அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மேலே ஏற்றினாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

ஒருத்தி போய்வந்த சேதி எப்படித்தான் பரவுமோ! கால்மணி நேரத்தில் வண்டிக்குப் பின்னால் முப்பது பெண்கள். ஐயோ, இன்றோடு போச்சு, இவள் மயங்கி விழப்போகிறாள் என்று ஓடினேன். வள்ளி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். "ஒவ்வொருத்தரா வாங்க, தள்ளாதீங்க! ஏம்மா பச்சப் பொடவ, உன்னத்தான், வயசானவங்கள முன்னால வுடு!" இது என் வள்ளியா? கை நடுங்குகிறதா என்று பார்த்தேன். நடுங்கத்தான் செய்தது. அந்தக் கையை நீட்டித்தான் ஒவ்வொருத்தியையும் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"பாத்துக்கினு நிக்கறியே, டேங்க்ல தண்ணி தீந்துபோச்சி" என்றாள் என்னிடம்.

குழாயடியிலிருந்து பதினேழு பக்கெட் தூக்கினேன். அருவி பார்க்க வந்த மனிதன்! இடுப்பு போயிற்று.

மதியம் லட்சுமம்மா கூட்டம் எங்களை விடவில்லை. நெல்லி மரத்தடியில் புளிசோறும் வடையும் போட்டார்கள். அவர்கள் நடுவில் வள்ளி உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டதும் லட்சுமம்மா, "இவ்ளோ தூரம் வந்துட்டு ஜலபாதம் பாக்காம போவியா வதினா? வா, நாங்க சுத்தி வரோம், எவனும் மோத மாட்டான்" என்றாள். ஜலபாதம் என்றால் அருவி, வதினா என்றால் அண்ணி. வள்ளி என்னைப் பார்த்தாள்.

அந்த நேரம் நான் என்ன சொன்னேன்? "வண்டிய யாரு பாத்துக்கறது?"

"நீதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இருபது பெண்கள் சுற்றிலும், நடுவில் அவள், மெதுவாகப் படியேறி மரங்களுக்குள் மறைந்தார்கள். நான் பார்க்கிங்கில் உட்கார்ந்தேன். ஒரு குரங்கு ஜன்னல் வழியாக வாழைப்பழச் சீப்பை எடுத்துப்போனது. அதை விரட்டக்கூடத் தோன்றவில்லை.

மூன்று மணிக்கு முழுக்க நனைந்து வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஒசரத்துலேர்ந்து கொட்டுது. தல மேல யாரோ அரிசி அள்ளிப் போட்ற மாரி இருக்கு." தலையைத் துவட்டிக்கொண்டே, "நீ வந்திருக்கலாம்" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் எரிச்சலும் அடங்கவில்லை. நான் போட்ட திட்டம் ஒன்றுகூட நடக்கவில்லை. நடந்ததில் எனக்கு எந்த வேலையும் இல்லை, பக்கெட் தூக்கியதைத் தவிர.

நவம்பர் 11, செவ்வாய்

நாள் முழுக்க வண்டி கழுவினேன். முதுகு வலி. பச்சையப்பன் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டுப் போனான்.

அடுத்த வாரம் கூட்டம் குறைந்ததும் நாம் இருவரும் மட்டும் போகலாம் என்றேன். வள்ளி கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "கூட்டம் ஆவாதது எனக்கா, உனக்கா? நீதான் இத்தினி வருஷமா எறங்காம ஒக்காந்துகினு கீற."

எனக்குக் கோபம் வந்து எழுந்து போய்விட்டேன். எங்கே போனேன்? வண்டிக்குள்.

நவம்பர் 17, திங்கள்

நமக்கு இன்றுதான் கார்த்திகை ஒன்று. வள்ளி கடைத்தெருவுக்குத் தனியாகப் போய், தெலுங்குக் காலண்டர் ஒன்று வாங்கி வந்திருக்கிறாள். திருத்தணிக் காலண்டருக்குப் பக்கத்திலேயே ஆணி அடிக்கச் சொன்னாள். அடித்தேன். லட்சுமம்மா தினமும் போன் செய்கிறாள். இருவரும் என்னதான் பேசுவார்களோ?

நவம்பர் 30, ஞாயிறு

சென்னை. மண்டபத்துக்குப் பின்னால் வண்டியில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே நிறுத்துவதற்கே வாட்ச்மேனோடு ஒரு சண்டை. இரண்டு கார் உரசிக்கொண்டு நிற்கிறது. ஒரு கீறல் விழட்டும், பார்த்துக்கொள்கிறேன்.

வள்ளி காலையிலேயே உள்ளே போய்விட்டாள். ஜன்னல் வழியாக மேளச் சத்தமும் பெண்கள் சத்தமும் கேட்கிறது. அதில் அவள் குரலும் இருக்கிறது. வளையல் போட வருகிறவர்களை வரிசையில் நிற்கச் சொல்லி அதட்டிக்கொண்டிருக்கிறாள்.

போன். வள்ளிதான். "எங்க கீற?"

வண்டியில் என்றேன்.

"வண்டிய ஒருத்தரும் தூக்கிக்கினு போவ மாட்டாங்க. பொண்ணு உன்னத் தேடுது. பூட்டிட்டு உள்ள வா."

கூட்டமாக இருக்கிறதே என்றேன்.

"நான் கீறேன் இல்ல, வா" என்றாள்.

சாவி எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. தேட வேண்டும்.