பெரிதாகாத எழுத்து

கோவில்பதாகை
ஞாயிறு காலை

அன்புள்ள பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கேயும் அப்படியே என்று எழுத முடியவில்லை, அம்மாவுக்கு வலது கண்ணிலும் நடுப்பார்வை மங்கத் தொடங்கிவிட்டது. படிக்க வேண்டியதை ஆறு மாதத்துக்குள் படித்துவிடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நீ அனுப்பிய இ-ரீடரில் தொடர்கதையெல்லாம் எழுத்தைப் பெரிதாக்கி மளமளவென்று படிக்கிறாள். என் புத்தகத்தைத்தான் நாற்பது நாளாகப் படித்துக்கொண்டே இருந்தாள். கல்லூரியில் இருபத்தேழு வருடம் நான் பட்டதை எழுதியது அது, அவள் படித்து முடிக்காமல் வெளியிடுவதில்லை என்று இருக்கிறேன். போன வாரம் எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டாம் பக்கத்திலேயே நிற்கிறது. கேட்டேன். பெரிசு பண்ணா பக்கமே வெளிய ஓடிப்பூடுது, ஒரு வரிக்கு மூணு தபா தள்ளணும், உங்களாண்ட சொன்னா கத்துவீங்கன்னு சும்மா இருந்தேன் என்றாள்.

பக்கம் நான் அமைத்தபடியேதான் இருக்க வேண்டும், பிடிஎஃப்தான் என்று நான் நின்றதும், உன் சித்தப்பா தினகரன் எதிரில் நீ, அப்பா, இது புத்தகம் இல்ல, புத்தகத்தோட போட்டோ என்று சிரித்ததும், எட்டு மாதம் உன்னோடு நான் பேசாததும் உனக்கு நினைவிருக்கும். தினகரன் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறான். நீ சொன்னது சரியாகிவிட்டது, அதற்காகச் சொன்ன விதத்தை மறந்துவிட்டேன் என்று எண்ணாதே.

உன்னைக் கேட்கக் கூடாது என்றுதான் கரையான்சாவடியில் டிடிபி கடை வைத்திருக்கும் ஜுல்ஃபிகரிடம் மூல ஃபைலைக் கொடுத்து, எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானே மடங்கி வருமாமே, அந்த இ-பப்பாக மாற்றச் சொன்னேன். அது இன்னும் மோசம், ஒரு வரி முழுதாக வருகிறது, அடுத்ததில் இரண்டே சொல், மிச்சம் காலி. சார், டைப்ரைட்டிங் கிளாஸ் கணக்கா வரிக்கு வரி என்டர் தட்டிக்கினே வந்துகீறீங்க, எழுத்த பெருசாக்குனா இப்டித்தான் ஒடையும் என்றான். டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையில் முதல் வகுப்பில் தேறியவன் நான், மணி அடித்ததும் அடுத்த வரிக்குத் தள்ளிப் பழகிய கை. முந்நூறு பக்கத்திலும் அதை எடுக்க அவனுக்கு நேரமில்லையாம். நானே உட்கார்ந்தேன். எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவியைத் தட்டிக்கொண்டு போன ராஜசேகரனைப் பற்றிய இடம் வந்ததும் என்டரை எடுப்பதை விட்டுவிட்டு அவனைப் பற்றி இன்னும் நாலு வரி சேர்க்கிறேன். மூன்று நாளில் ஒன்பது பக்கம் சரி செய்தேன், புத்தகம் ஐந்து பக்கம் நீண்டுவிட்டது. இப்படிப் போனால் அம்மாவின் கண் காத்திருக்காது.

ஃபைலை மெயிலில் அனுப்பியிருக்கிறேன். என்டரையெல்லாம் எடுத்துவிடு, பக்கம் எங்கே உடைந்தாலும் சரி. இதற்கு மேல் கேட்க எனக்கு வராது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இரண்டு பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே, முடிந்ததும் எனக்கு அனுப்பாதே, நேராக அம்மாவின் ரீடருக்கே அனுப்பிவிடு. என் கையில் கிடைத்தால் மறுபடியும் எழுத உட்கார்ந்துவிடுவேன்.

உன் அப்பா
கி. எத்திராஜ்