மெஷினைக் காவல் காத்தவர்கள்

அன்பு மகன் கேவாவுக்கு உன் அப்பா ரும்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் மூச்சோடு இருக்கிறோம், காப்பிச் செடிகள் காய்த்திருக்கின்றன, பெரிய பெண் பன்றி குட்டி போட்டிருக்கிறது, கிழங்குக்குக் குறைவில்லை. நீயும் ஆஸ்திரேலியாவில் அந்த மாம்பழத் தோட்டத்தில் காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்பிக்கொண்டு எழுதுகிறேன். இதை எழுதுவது நான்தான் மகனே, நானே. பாதிரியாரின் மனைவி லோயிஸ் அம்மா மழைக்காலம் முழுவதும் எங்களைப் போன்ற கிழவர்களைக் கோயிலின் பின்கட்டில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு வரி எழுத ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகிறது, ஆனாலும் என் வாயிலிருந்து வரவேண்டியது என் கையிலிருந்து வருவதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு சிரிப்பாக வருகிறது. சிரிக்கக் கூடாத நாட்களில் சிரிக்கிறேன் என்று உன் அம்மா முறைக்கிறாள். அவளுக்குத் தெரியாமல் காப்பிக் கொட்டை காய்கிற இடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சொல்லவேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கை வலித்துப் பாதியில் நின்றாலும் இது மட்டும் உனக்கு வந்து சேரவேண்டும். நீ வராதே. சித்தப்பா நெமாவின் சாவு விருந்துக்கு டிக்கெட் வாங்கிவிட்டதாகக் கவுன்சிலரின் போனில் சொன்னாயே, அதற்கு வராதே. அன்று நான் போனில் ஒன்றும் சொல்லாமல் ம் ம் என்று மட்டும் சொன்னதற்குக் காரணம் கவுன்சிலர் அதை எல்லோரும் கேட்கும்படி சத்தமாக வைத்திருந்தார், சுற்றிலும் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது. நீ சொன்னாய், அப்பா இப்ப நிலைமை மாறிடுச்சு, புதுச் சட்டம் வந்துடுச்சு, ரோட்டுல சுடுறவனையெல்லாம் தீவிரவாதின்னு சொல்லி ஆயுள் முழுக்க உள்ள போடுறாங்க, ஏர்போர்ட்டுல மெஷின் வச்சிருக்காங்க, போலீஸ் கூடவே வருது, பயப்படாதீங்க என்று. நீ ரேடியோவில் கேட்டதைச் சொன்னாய், நான் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். முன்பெல்லாம் யாரையாவது கெஞ்சி எழுதச் சொல்லவேண்டும், அவர் வாயிலிருந்து அது சந்தைக்குப் போய்விடும். இப்போது இது என் கையைவிட்டு நேராக உன் கைக்கு வருகிறது, உங்கள் பக்கம் பயிற்சிக்குப் போகிற நர்ஸ் சிஸ்டர் எடுத்து வருகிறாள், அவளும் பிரிக்க முடியாதபடி பிசின் வைத்து ஒட்டியிருக்கிறேன்.

சித்தப்பா தலைநகர ஆஸ்பத்திரியில் இறந்த செய்தி வந்ததும் உடலைக் கொண்டுவர நான்தான் போனேன், கூடப்பிறந்தவன் கூட இருந்து இன்ன இடத்துக்குப் போகிறோம் என்று பேசிக்கொண்டே வந்தால்தானே ஆவி வழி தவறாமல் வரும். நம் கெலிமா விமான நிலையத்தைப் பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. ஓடுதளத்தில் இன்னும் பன்றிகள்தான் மேய்கின்றன, கூரை ஒழுகுகிறது, கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை, ஆனால் நடுவில் பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஒரு மெஷின் உட்கார்ந்திருக்கிறது, புது மணப்பெண் மாதிரி அதற்கு மட்டும் தனிக் கூரை, தனி ஜெனரேட்டர். வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்ததாம், தீவிரவாதிகள் வந்துவிடுவார்களாம். கடலையே பார்க்காத நம் மலைக்கு எந்தத் தேசத்துத் தீவிரவாதி வழி கேட்டுக்கொண்டு வரப்போகிறான் என்று நான் கேட்டால், பெருசு உனக்கு உலகம் தெரியாது என்கிறார்கள். வாசலில் ஒரு பலகை, எதையெல்லாம் கொண்டுபோகக் கூடாது என்று. அதை நானே படித்தேன் கேவா! கத்தி, கத்தரிக்கோல், அம்பு, கோடரி என்று விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன், பின்னால் நின்றவர்கள் தாத்தா நகருங்க பிளேன் போயிடும் என்று கத்தினார்கள், துப்பாக்கி என்ற கடைசிச் சொல்லையும் படித்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

உள்ளே சட்டையில் வில்லை குத்திய ஒரு பையன் என் நூல் பையைக் கொட்டி என் சுண்ணாம்பு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான். இது என்ன வெள்ளைப் பொடி என்றான். பாக்குக்குப் போடுற சுண்ணாம்பு தம்பி என்றேன். சுண்ணாம்புன்னு நீ சொல்ற, மெஷின் சொல்லணுமே என்றான். அவன் வாய் முழுக்க ரத்தச் சிவப்பு, கடைவாயில் பாக்கு ஒதுங்கிக் கிடக்கிறது, இந்தக் கேள்வியைக் கேட்கிறான். எனக்குப் பின்னால் நின்ற ஒரு சந்தைக்காரி விடவில்லை, ஏன்டா, உன் வாயைக் கொண்டுபோய் அந்த மெஷினுக்குள்ள வையேன், அது என்ன சொல்லுதுன்னு எல்லாரும் கேப்போம் என்றாள், வரிசையே சிரித்தது. அவனுக்கு ரோஷம் வந்து பாட்டிலைப் பிடுங்கி வைத்துக்கொண்டான். நான் விமானத்துக்கு நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என் சுண்ணாம்பைத்தான் தொட்டுத் தொட்டு மென்றுகொண்டிருந்தான். அதே நேரத்தில் பக்கத்துக் கேட்டைத் திறந்து நாலைந்து நீளப் பைகளை ஆட்கள் நேராக ஒரு விமானத்திலிருந்து வண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு பையை இரண்டு பேர் தூக்கினார்கள். அதென்னங்கய்யா, அது மெஷினுக்குப் போகலையா என்று கேட்டேன். வாயை மூடு பெருசு, அது பெரிய ஆளோட சாமான் என்றார்கள். எந்தப் பெரிய ஆள் என்று நான் கேட்கவில்லை, நீயும் கேட்காதே.

இனி எழுதப்போவதைக் கவுன்சிலர் உனக்கு வேறு மாதிரி சொல்லியிருப்பார். குடித்துவிட்டு நடந்த சண்டை என்று சொல்லியிருப்பார். தெபிகா கூட்டத்தாருக்கும் நமக்கும் காப்பி நிலத்துச் சண்டையில் அவர்கள் பக்கம் ஓர் ஆசிரியர் செத்தார் அல்லவா, அது உனக்குத் தெரியும். ஆசிரியருக்கு ஈடாக என்னைப் போன்ற கிழவனை அவர்கள் எடுக்கமாட்டார்கள், நம் கூட்டத்தில் யார் செத்தால் எல்லோர் வயிறும் எரியுமோ அவனைத்தான் எடுப்பார்கள், நம் வழக்கமும் அதுதான். நம்மில் படித்தவன், வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன் நீ ஒருவன்தான். இது தெரிந்துதான் நான் உடலோடு திரும்புவதற்கு முன்பே நம் பெரியவர்கள் இன்ஸ்பெக்டரிடம் போய்ப் பாதுகாப்புக் கேட்டார்கள். அவர் நல்ல மனிதர்தான், நன்றாகவே பேசினார், ஆனால் பேசியதை ரேடியோவில் பேசிவிட்டார். தீவிரவாதத்துக்கு அரசாங்கம் பணியாது, வியாழக்கிழமை விமானத்தில் உடல் வருகிறது, ஆஸ்திரேலியாவிலிருந்து அண்ணன் மகனும் வரக்கூடும், பாலத்து வழியாகப் போலீஸ் பாதுகாப்போடு போகும், யாரும் பயப்படத் தேவையில்லை என்று காலையிலும் சாயங்காலமும் சொன்னார்கள். தெபிகாக்காரர்களிடமும் ரேடியோ இருக்கிறது மகனே.

வியாழக்கிழமை சித்தப்பாவின் பெட்டியோடு இறங்கினேன். வழியெல்லாம் அவனிடம் பேசிக்கொண்டே வந்தேன், தம்பி இதோ ஆறு, இதோ நம்ம மலை, பயப்படாம வா என்று. ரெபேக்கா அத்தையின் மகன் தூமுன் இரண்டு வண்டிகளோடு காத்திருந்தான். போலீசும் இருந்தது, ஆறு பேர், புதுச் சட்டை, நல்ல துப்பாக்கி. சரி கிளம்பலாமா என்று தூமுன் கேட்டதும் அவர்களுடைய சார்ஜென்ட் தலையைச் சொறிந்தான். மெஷினைப் பழுது பார்க்க வெளிநாட்டு ஆள் வந்திருக்கார், அவர் முடிக்கிற வரைக்கும் மெஷினுக்குக் காவல் இருக்கணும்னு மேலிடத்து உத்தரவு, நீங்க முன்னால போங்க, நாங்க பின்னாலயே வந்துடுறோம் என்றான். தூமுன் சொன்னான், அண்ணே, மெஷினை யாரும் சுடமாட்டாங்க, எங்களைத்தான் சுடுவாங்க. சார்ஜென்ட் சொன்னான், தம்பி எனக்குப் புரியுது, அந்த மெஷினுக்கு ஏதாவது ஆனா என் வேலை போயிடும். அவன் சொன்னதில் பொய் இல்லை. நமக்கு ஏதாவது ஆனால் அவன் வேலை போகாது.

வெயிலில் பெட்டியை வைத்துக்கொண்டு காத்திருக்க முடியவில்லை, பெண்கள் அழுதுகொண்டே வண்டியைத் தட்டினார்கள், கிளம்பினோம். பாலத்தில் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். மேட்டிலிருந்து இறங்கி வந்தவர்கள் முகத்தில் கரி பூசியிருந்தார்கள், கையில் இருந்தது பட்டாளத்துத் துப்பாக்கி, நம் ஊரில் இரும்புக் குழாயை அறுத்துச் செய்வது அல்ல, கடையில் வாங்கியது போல் பளபளப்பு. பெட்டியைப் பார்த்ததும் தலை குனிந்து கும்பிட்டார்கள், சித்தப்பாவுக்கு ஒரு குறையும் செய்யவில்லை. அப்புறம் ஒருவன் கேட்டான், ஆஸ்திரேலியாக்காரன் எவன்டா என்று. யாரும் சொல்லவேண்டிய தேவை இருக்கவில்லை. நீ தோட்டத்திலிருந்து அனுப்பினாயே, இருட்டில் மின்னுகிற பட்டை தைத்த ஆரஞ்சு நிறச் சட்டை, அதைத் தூமுன் போட்டிருந்தான். கோயிலுக்கும் சந்தைக்கும் அதைத்தான் போடுவான், மச்சான் அனுப்பியது என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவான். இவன் இல்லை, இவன் என் தங்கச்சி மகன், இவன் கடலையே பார்த்ததில்லை என்று நான் கத்தினேன். எந்த அப்பனும் அப்படித்தான் சொல்லுவான் என்றான் அவன். தூமுன் என்னைப் பார்த்து மாமா நீங்க சும்மா இருங்க என்றான். நான் இல்லைன்னு அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை கேவா. அது பயத்தாலா, உன்னைக் காப்பாற்றவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

போலீஸ் வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. இரண்டு பெட்டிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அழுதோம். ரெபேக்கா அத்தை உடம்பெல்லாம் சேறு பூசிக்கொண்டு துக்கத்துக்கென்று கட்டிய அழுகை வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள், என்னோடு பேசுவதில்லை, உன் பெயரைச் சொன்னால் எழுந்து வெளியே போய்விடுகிறாள், அவளைத் தப்பாக நினைக்காதே. அடுத்த வாரம் தலைநகரிலிருந்து ஒரு மந்திரி ஹெலிகாப்டரில் வந்தார். எங்களை வரிசையாக உட்கார வைத்து, இது தீவிரவாதம், அரசாங்கம் இதை வேரோடு பிடுங்கும் என்றார். விமான நிலையத்தில் ஒரு சம்பவமும் நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள், பாதுகாப்பு வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம், இன்னொரு மெஷினும் வரப்போகிறது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள், ஏன் தட்டினார்கள் என்று தெரியவில்லை, பசியாக இருக்கலாம், மந்திரிக்கான பன்றி விருந்து சுடுகல் குழியில் வெந்துகொண்டிருந்தது. நான் எழுந்து, ஐயா, அந்தத் துப்பாக்கி எந்த மெஷின் வழியாக வந்தது என்று கேட்டேன். மந்திரி பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார், அவர் கவுன்சிலரைப் பார்த்தார், கவுன்சிலர் என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டார். முன்பு ரோட்டில் சுடுகிறவனைத் திருடன் என்றார்கள், இப்போது தீவிரவாதி என்கிறார்கள். பெயரை மாற்றியதற்கு அப்புறமும் அதே பாலத்தில் அதே ஆட்கள்தான் நிற்கிறார்கள்.

தெபிகாவில் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, செத்தது தூமுன், நீ இல்லை என்று. ஆசிரியர் கணக்கு இன்னும் தீரவில்லை என்று சந்தையில் சொல்கிறார்கள். நம் பையன்களும் சும்மா இல்லை, கேவா வரட்டும், வந்து முன்னால் நிற்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். தெபிகாக்காரர்களுக்கு நீ வரவேண்டும் பழி எடுக்க, நம் பையன்களுக்கு நீ வரவேண்டும் பழி தீர்க்க, இன்ஸ்பெக்டருக்கும் நீ வரவேண்டும், உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து காட்டினோம் என்று ரேடியோவில் சொல்ல. உன் அம்மாவுக்கு நீ வரவேண்டும் உன்னைப் பார்க்க, அவள் உன் பாயை வெயிலில் போட்டு எடுத்து வைத்துவிட்டாள். எனக்கு மட்டும் நீ வரவேண்டாம். விடுப்புக் கிடைக்கவில்லை என்று போனில் எல்லோரும் கேட்கும்படி சொல்லிவிடு. கோழை என்பார்கள், வெள்ளைக்காரனாகிவிட்டான் என்பார்கள், அத்தை காறித் துப்புவாள், நானும் அவர்களோடு உட்கார்ந்து உன்னைத் திட்டுவேன். திட்டுவதைக் கேட்டு மனதை விட்டுவிடாதே. உன்னோடு அந்தத் தோட்டத்தில் தெபிகாப் பையன் ஒருவன் வேலை செய்கிறான் என்று முன்பு சொன்னாய், அவனோடு சண்டைக்குப் போகாதே, அவன் டீ கொடுத்தால் வாங்கிக் குடி, அவன் வீட்டிலும் ஒருவர் இதே மாதிரி உட்கார்ந்து கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். குடிக்காதே. இருட்டில் வண்டி ஓட்டாதே. அழ வேண்டும் என்றால் அங்கேயே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து சித்தப்பா பெயரையும் தூமுன் பெயரையும் சொல்லி அழு, அவர்களுக்குக் கேட்கும், அவர்களுக்கு டிக்கெட் வேண்டாம், மெஷினும் வேண்டாம்.

கடவுளும் நம் மூத்தோரும் உன் தலைமேல் கை வைத்துக் காக்கட்டும். உனக்கு ஒரு நல்ல பெண் கிடைக்கட்டும், பிள்ளைகள் பிறக்கட்டும், அவர்களுக்கு நம் மலையின் பெயரைச் சொல்லு, வழியைச் சொல்லாதே. நான் செத்தேன் என்று சேதி வந்தாலும் கிளம்பி வராதே, அதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துவிடு.

ஞாபகமாக ஒன்று. இனி இங்கே யாருக்கும் சட்டை அனுப்பாதே.

உன் அப்பா,
ரும்பா
கெலிமா, மேல்மலை