இரண்டு பெட்டி மாத்திரை

டார்ம்ஸ்டாட், ஜேர்மனி

அன்புள்ள சுலோஜனாவுக்கு,

நீரும் மாமியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கேட்டால் சுகம் என்றுதான் சொல்வீர், அதனால் கேட்கவில்லை.

எனக்குப் புற்றுநோய் மருந்து ஏற்றும் நாட்களில் வாந்திக்கு ஒரு மாத்திரை தருவார்கள் அல்லவா? இம்முறை மருந்துக்கடையில் வேறு பெயரில், வேறு நிறப் பெட்டி தந்தார்கள். மலிவுச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று நினைத்து, மிச்சமிருந்த பழையதையும் சேர்த்தே போட்டேன். தலையிடியும் நெஞ்சுப் படபடப்பும் வந்தன. பயப்படாதேயும், இதயத்தைச் சோதித்துவிட்டார்கள், பழுதில்லை.

இங்கே ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஆதிரை ஏசினாள். "அண்ணை, கொம்பனிதான் வேற, உள்ளுக்க இருக்கிற மருந்து ஒண்டுதான். குமட்டல் நிக்காட்டி எங்களுக்கு ஃபோன் எடுங்கோ. நீங்களாக் கூட்டிப் போடக் கூடாது." இரண்டு பெட்டியிலும் இருந்த சின்ன எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே நம்பினேன்.

மாமி வாந்திக்கு அனுப்பிய தூளையும் தொடவில்லை. அதில் என்னென்ன சேர்த்தவர் என்று கேட்டு எழுதும். டொக்டரிடம் காட்ட வேண்டும்.

எந்தச் சாப்பாட்டு மணமும் குமட்டுகிறது. உமது சமையல் மட்டும் குமட்டாது என்று ஆதிரையிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கே அதில் சந்தேகம்தான். விசா கிடைத்ததும் வந்து நிரூபியும்.

ஆதிரை ஊசியோடு வருகிறாள். என்ன ஊசி என்று கேட்க வேண்டும்.

சுகிர்தன்