தேங்காய் எண்ணெய் பூசிய பிரேக்

இன்று காலை மகளின் தலைக்குத் தடவ மனைவி தேங்காய் எண்ணெய்ப் போத்தலைத் திறந்தாள். அந்த வாசத்தோடு உன் ஞாபகமும் வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் மணந்தால் கூட்டாளியை நினைப்பவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன், மச்சான்.

வாவிக்கரை உப்புக் காற்றுக்கு எந்த இரும்பும் தப்பாது. கதவுப் பிணைச்சலுக்கும் தையல் மெஷினுக்கும் தேங்காய் எண்ணெய் விட்டே வளர்ந்தவர்கள் நாம். என் மவுண்டன் பைக்கின் பிரேக் கீச்சிட்டதும் நானும் அதையே செய்தேன். இரண்டு சில்லிலும் பிரேக் பிடிக்கும் டிஸ்க்கில் பஞ்சால் வடிவாகத் தடவினேன். மறுநாள் ஞாயிறு. நாங்கள் ஐந்து பேரும் உன்னிச்சைக் குளத்துக்குப் போன வழியெல்லாம் சத்தமே இல்லை. சமதரை என்பதால் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கவும் தேவை வரவில்லை. எனக்குப் பெருமை வேறு.

குளக்கட்டின் உச்சிக்கு வந்தோம். கீழே செங்குத்தான கிறவல் பாதை, அதன் முடிவில் வாய்க்காலின் கொங்கிறீட் சுவர். அந்த இறக்கத்தில் உன்னைப் போல இறங்க எங்களில் ஒருவனாலும் முடியாது. இடுப்பைச் சீட்டுக்குப் பின்னால் தள்ளி, இரண்டு பிரேக்கையும் அளவாக விட்டு விட்டுப் பிடித்து, வளைவு வருமுன்பே வேகத்தைக் குறைத்து, ஒரு கல் சிதறாமல் இறங்குவாய். அப்பேர்ப்பட்டவன், ஒவ்வொரு முறையும் மேலே நின்று பிரேக்கைப் பிடித்தபடி சைக்கிளைத் தள்ளிப் பார்க்காமல் இறங்கியதில்லை. அன்று என்னுடையதையும் தள்ளிப் பார்த்தாய். சில்லு உருண்டது. டிஸ்க்கை விரலால் தொட்டு மணந்தாய்.

“என்னகா இது, மீன் பொரிச்ச நீயா?”

“துருப் பிடிக்குமெண்டு கொஞ்சம் தடவினன்.”

“கொஞ்சமா? இதோட இறங்கினா மறுகா உன்னச் சுவரிலதான் பொறுக்க வேணும். செயினுக்கு எண்ணெய் விடு, பிரேக்குக்கு விடாத. வா, நடப்பம்.”

என் முகம் செத்துப்போனதை நீ கண்டிருக்க வேண்டும். தள்ளி நின்ற மற்ற மூவரும் என்னவென்று கேட்டபோது, “எனக்குக் கால் பிடிச்சிட்டு. நீங்க இறங்குங்க, இவன் என்னோட வாறான்” என்றாய். அவர்கள் இறங்கித் தேத்தண்ணிக் கடைக்குப் போய்விட்டார்கள். நாம் நடந்து இறங்கியதும் நீ வாய்க்கால் ஓரம் குந்தியிருந்து, ஸ்பிரிட்டால் டிஸ்க்கைத் துடைத்து, எண்ணெய் ஊறிய பிரேக் பேட்டுகளைக் கழற்றி, உன் பையில் கிடந்த புதியவற்றைப் போட்டாய். ஒரு சொல் குத்திப் பேசவில்லை.

கடையில் ஒருவன் தொடங்கினான். “கால் பிடிப்பெல்லாம் சும்மா. ஆளுக்குப் பயம்.” நீ சிரித்தாய். நானும் சேர்ந்து சிரித்தேன். அதன் பிறகு இரண்டு வருடம், நெஞ்சுவலி வந்து நீ போகும் வரை, கட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பகிடி ஓடியது. ஒரு தடவைகூட நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. ஒருவனுடைய உயிரையும் காப்பாற்றி, அவனுடைய மானத்தையும் காப்பாற்றுகிற ஆளை நான் இனி எங்கே போய்த் தேடுவேன்?

போன ஞாயிறு அதே குளக்கட்டில் மறுபடியும் அந்தக் கதையை எடுத்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. “எண்ணெய் பூசினது நான். அவன் எனக்காகத்தான் நடந்தவன்” என்று சொல்லிவிட்டேன். ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். சொன்னால் பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன், இறங்கவில்லை. அவர்கள் உண்மையைக் கேட்டுவிட்டார்கள். நீ கேட்டுவிட்டுப் போனது எங்கள் சிரிப்பை மட்டும்தான். அதில் என் சிரிப்பும் இருந்தது.