எங்கட மனுசி பக்கம் மாறிய ஞாயிறு

போன கிழமை, இங்கே கனடாவில், மார்க்கம் நகரில் வாக்களிக்கப் போனேன். பாடசாலை உடற்பயிற்சி மண்டபம். கதவைத் திறந்ததும் ஈரச் சப்பாத்துகளும் நனைந்த கம்பளிக் கோட்டுகளும் சேர்ந்த மணம் வந்து முகத்தில் அடித்தது. வரிசையில் நின்றபடி உம்மிடம் ஏதோ சொல்லப் பக்கத்தில் திரும்பினேன். உம்முடைய தம்பி தொலைபேசியில் சொன்ன செய்தி மறுபடியும் புதிதாக விழுந்தது. நீர் இப்போது உயிரோடு இல்லை, தோழி. பின்னால் நின்றவர் முன்னே போகச் சொல்லும்வரை நான் அசையவில்லை.

அந்த மணம் தொண்ணூறுகளில் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையின் மணம். அப்போது நாங்கள் இருவரும் வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரே அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். ஒரே தொழிற்சாலையில் பிஸ்கட் பெட்டி அடுக்கினோம். கனடியக் குடியுரிமை இருவருக்கும் கிடைத்திருக்கவில்லை. ஊரில் எங்களுக்கு வாக்களிக்கும் வயது வந்தபோது, யுத்தத்தால் தேர்தல் என்பது கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் நாளாகிவிட்டிருந்தது. இங்கே பொதுத் தேர்தலுக்கு முன்னால், கட்சியின் வேட்பாளர் யார் என்பதைத் தொகுதியிலுள்ள கட்சி உறுப்பினர்களே கூடித் தெரிவு செய்வார்கள், உறுப்பினராவதற்குக் குடியுரிமை தேவையில்லை என்று ஒருநாள் நீர்தான் வந்து சொன்னீர். "எங்களுக்கும் வோட்டு இருக்காம்," என்றீர். நான் நம்பவில்லை.

அந்த முறை மூவர் போட்டியிட்டார்கள். ஒருவர் வீடு விற்கும் வியாபாரி. ஒரு கூட்டத்தில், கண்ணீர்க் கதையோடு வந்து இறங்கும் அகதிகளில் பாதிப் பேர் பொய்யர்கள் என்று அவர் பேசியபோது நீர் பின்வரிசையில் இருந்தீர். உம்முடைய தம்பியின் அகதி விசாரணை முடியாமல் இழுபட்டுக்கொண்டிருந்த காலம் அது. இன்னொருவர் யாருக்கும் அதிகம் தெரியாத ஓர் ஆசிரியர். மூன்றாவது ஆள், நீர் "எங்கட மனுசி" என்று சொல்லும் வழக்கறிஞர். எங்கள் கட்டடத்தில் கடுங்குளிரில் சூடாக்கி நின்றுபோய், உரிமையாளர் எட்டிப் பார்க்காமல் இருந்தபோது, குடியிருந்தவர்களுக்காக வழக்காடி வென்றவர். உம்முடைய நீண்ட பெயரைச் சரியாகச் சொல்ல வரும்வரை உம்மை விடாமல், திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தவர். தொழிற்சாலையில் உமக்கு ஒரு சுருக்கப் பெயர் வைத்திருந்தார்கள். அதனால்தானோ என்னவோ, அந்த மனுசிக்காக நீர் உயிரைக் கொடுத்து உழைத்தீர்.

வேலை முடிந்து வந்ததும் மாடி மாடியாக ஏறி, ஆட்களைக் கட்சியில் உறுப்பினராகச் சேர்த்தோம். அஜின்கோர்ட் பக்கமாக, எங்கள் தொகுதிக்குள்ளேயே இருந்த உம்முடைய சொந்தக்காரரையும் விடவில்லை. எந்த வீட்டிலும் நீர் கட்சியைப் பற்றிப் பேசியதில்லை. "நான் சொல்லுறன், நல்ல மனுசி," என்பீர். அது போதுமாக இருந்தது. அவர்கள் உம்மை நம்பி வந்தார்கள்.

தெரிவு நடந்த அந்த ஞாயிறு ஈரப்பனி கொட்டியது. சேலைக்கு மேலே கோட்டும் கோட்டுக்கு மேலே எங்கட மனுசியின் பச்சைப் பட்டியுமாக எங்கள் ஆட்கள் மண்டபத்தில் நான்கு வரிசையை நிரப்பியிருந்தார்கள். வாக்குச் சீட்டை மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டு வந்த நீர், என் கையைப் பிடித்துக்கொண்டீர். முடிவு வந்தது. யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. எங்கட மனுசி மூன்றாவது. மூன்றாவதாக வந்தவர் விலக, மற்ற இருவருக்குமிடையே மறுபடியும் வாக்களிக்க வேண்டும்.

தோற்றதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு நடந்ததைத்தான் இன்றைக்கும் நம்ப முடியவில்லை. மனுசி எழும்பி, எங்கள் வரிசைகளைத் தாண்டி, நேரே அந்த வியாபாரியிடம் போனார். அவர் மனுசியின் கையைப் பிடித்து மேலே தூக்கினார். மண்டபத்தின் ஒரு பக்கம் ஆர்ப்பரித்தது. எங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். மனுசியின் உதவியாளர் ஓடிவந்து, வியாபாரியின் நீலப் பட்டிகளைக் கட்டாக உமது கையில் திணித்து, எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். உமது முகத்தில் இரத்தம் இல்லை. சாவு வீட்டில்கூட நான் உம்மை அப்படிப் பார்த்ததில்லை.

நீர் மனுசியிடம் போனீர். நானும் பின்னால் வந்தேன். ஏன் என்று மட்டும்தான் கேட்டீர். அரசியலில் இப்படியும் செய்யத்தான் வேண்டும், வெல்லப்போகிறவரோடு இருந்தால்தான் பிறகு ஏதாவது செய்யலாம், உங்கள் ஆட்களை எப்படியாவது இவர் பக்கம் கொண்டுவாருங்கள் என்று மனுசி ஆங்கிலத்தில் சொன்னார். கடைசியில் உம்முடைய பெயரைச் சொல்லி நன்றியும் சொன்னார். ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

திரும்பி வந்து பட்டிக் கட்டைக் கதிரையில் வைத்தீர். நாலாம் மாடி அங்கிள் எழும்பி, "பிள்ளை, இப்ப ஆருக்குப் போடுறது?" என்று கேட்டார். எல்லோரும் உமது வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நான் சொன்ன ஆள் இப்ப இல்லை, அங்கிள். இனி நான் சொல்ல ஒண்டுமில்லை. உங்கட வோட்டு, நீங்கள் யோசியுங்கோ."

சிலர் கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சிலர் நீலப் பட்டியை எடுத்தார்கள். நாங்களும் வீட்டுக்குப் போவோம் என்று உமது கையை இழுத்தேன். "அவ மாறினதுக்கு நான் ஏன் என்ர வோட்டை விட வேணும்?" என்று கேட்டுவிட்டு நீர் வரிசையில் போய் நின்றீர். அந்த ஆசிரியருக்குப் போட்டதாகப் பிறகு சொன்னீர். வியாபாரி வென்றார்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்தான் பச்சைப் பட்டியைக் கழற்றி, மடித்துக் கைப்பைக்குள் வைத்தீர்.

உம்முடைய தம்பியின் வழக்கு அடுத்த வருடம், இவர்கள் எவரின் தயவும் இல்லாமல், சரிவந்தது. அதற்குப் பிறகு எங்களுக்கும் குடியுரிமை கிடைத்தது. நகரசபைத் தேர்தல் காலத்தில் ஒரு சனிக்கிழமை நான் உமது வீட்டில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. அதே மனுசி, இப்போது நகரசபை வேட்பாளராக. கதவை அறைந்து சாத்துவீர் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீர் உள்ளே கூப்பிட்டு இருத்தினீர். தேத்தண்ணி போட்டீர். தட்டில் பயத்தம் பணியாரம்கூட வைத்தீர். சூடாக்கி வழக்கை நினைவுபடுத்தி, அதற்கு நன்றியும் சொன்னீர். மனுசி குடித்து முடித்த பிறகு, என் வாக்கு உங்களுக்கு இல்லை என்று அமைதியாக, முகத்தைப் பார்த்தே சொன்னீர். மனுசி தலையைக் குனிந்தபடி எழும்பிப் போனார்.

எப்படி அந்த மனுசிக்குத் தேத்தண்ணி கொடுக்க மனம் வந்தது என்று உம்மோடு சண்டை பிடித்தேன்.

"வாசலுக்கு வந்த மனுசிக்குத் தேத்தண்ணி குடுத்தனான். வோட்டு வேற," என்று சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவப் போய்விட்டீர்.

இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ அரசியல் பேச்சுகளைக் கேட்டுவிட்டேன். சில பேச்சுகளில் மனம் பொங்கி, என்னை அறியாமல் எழும்பிவிடுகிறேன். கைதட்டப் போகும்போது கைகள் நடுவில் ஒரு கணம் நின்றுவிடுகின்றன; அந்த ஒரு கணம் உமது இரத்தமில்லாத முகம் எனக்கு முன்னால் வருகிறது. பிறகு தட்டத்தான் செய்கிறேன்.