இரண்டு கடைக்கு ஒரே போறணை

1974 மார்ச் 5, செவ்வாய்

லுணுகலையில் காலையிலிருந்து தூறல். விறகெல்லாம் ஈரம், புகை. கூட்டுறவுச் சங்கத்தில் இந்த வாரமும் அரை மூட்டைக் கோதுமை மாதான். எங்கள் பேக்கரிக்குக் காணாது. பக்கத்துத் தேத்தண்ணீர்க் கடை ஹனீபா நானாவுக்கும் அவ்வளவே. அதனால் போன வாரத்து ஏற்பாடு: இரண்டு பேர் மாவும் எங்கள் போறணை அடுப்பில். சுட்டெடுத்த பாண் இரண்டு கடையிலும் விற்கும். தனித்தனி என்றால் இரண்டையும் பூட்ட வேண்டியதுதான்.

ஹ.நானா வாசலில் நின்று அப்பாவிடம்: "மொதலாளி, ஒங்கட போறணைக்கும் என்ட வாய்க்கும் ஒரே சூடு. பொருத்தம் சரி."

அப்பா சிரித்துக்கொண்டே: "ஒங்க வாய்க்கு வெறகு வேணாமே நானா."

அப்பா சிரித்து எத்தனை நாள்.

வாங்க: உப்பு, மண்ணெண்ணெய். நூலகப் புத்தகம் தவணை தாண்டிவிட்டது.

மார்ச் 7, வியாழன்

ஈஸ்ட் டின் காலி. பதுளை முழுக்கத் தேடியும் இல்லையாம். மாலை அப்பா மா பிசையும்போது புளித்த வாசம். பலகைக்குக் கீழே போத்தல். கித்துள் கள்ளு.

"அப்பா, நாளைக்கு ஜும்மா தொழுகை முடிஞ்சி எல்லாரும் நானா கடைக்குத்தான் வருவாங்க."

"வெந்தா ஆவியாப் போயிரும். எங்கப்பா காலத்துல எல்லாம் கள்ளுதான். நீ வாய மூடிக்கிட்டிரு."

கெட்டவர் இல்லை. பயந்துபோனவர்.

மார்ச் 8, வெள்ளி

வெயில். பாண் அழகாக வந்திருந்தது, அதுதான் வேதனை. கூடை என் கையில். நானா கடை வாசல்வரை போய்விட்டேன். கொடுக்க முடியவில்லை.

"நானா, இத விக்காதீங்க. கள்ளு ஊத்திப் பொங்க வச்சது."

கத்துவார் என்று நினைத்தேன். கூடையைத் தொடவில்லை. "ஒங்கப்பா சொல்லி அனுப்பினாரா மகள்?"

"இல்ல."

"அப்படியா."

பிறகு எங்கள் பேக்கரிக்கு வந்து தன் மா மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். அந்தப் பாணை தேயிலைத் தோட்டத்து ஆட்கள் பத்தே நிமிடத்தில் வாங்கித் தீர்த்தார்கள். அப்பா என்னோடு பேசவில்லை.

மார்ச் 9, சனி

அம்மா: "சொன்னது சரிதான்டி. அப்பாகிட்ட மொதல்ல சொல்லிட்டுப் போயிருக்கலாம்." உண்மை.

வீட்டிலேயே ஈஸ்ட் செய்யும் முறை, பழைய பெண்கள் பத்திரிகையில் எப்போதோ படித்தது. அவித்த உருளைக்கிழங்கு, கொஞ்சம் மா, சர்க்கரை, புளிக்க விடவேண்டும். சர்க்கரைக்கு எங்கே போவது? கருப்பட்டி. வெலிமடைக் கிழங்கு ஐந்து, ஈஸ்ட் டின்னைக் கழுவிய தண்ணீர். எல்லாம் ஊறுகாய் ஜாடியில்.

மார்ச் 11, திங்கள்

முதல் பாண் செங்கல். வீட்டிலேயே தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்றோம். மூன்று நாளைக்குப் பிறகு அப்பாவின் முதல் பேச்சு: "பல்லுக்கு நல்லது."

போறணை இல்லாமல் நானா கடையில் பாணும் இல்லை, வெறும் தேத்தண்ணீர். எங்கள் மா இன்னும் ஒரு தடவைக்குத்தான்.

மாலை ஜாடியில் நுரை.

மார்ச் 13, புதன்

பொங்கிவிட்டது! கொஞ்சம் புளிப்பு, ஆனால் பாண்.

அப்பாவே போய் நானாவைக் கூட்டிவந்தார். அங்கே மன்னிப்புக் கேட்டாரா, தெரியாது. நானா ஜாடியை வெகுநேரம் முகர்ந்தார். ஒரு துண்டு பிய்த்துத் தின்றார்.

"நல்லா ஈக்கி. மூட்டைய கொண்டாறேன். ஆனா ஜாடி என்ட குசினி அடுப்படில ஈக்கணும். அந்திக்கு வந்து வேண்டியத எடுத்துக்கங்க."

அப்பா முகம் சுருங்கியது. "நம்பிக்கை இல்லியா நானா?"

"ஈக்கி. ஜாடி என்ட கண்ணு முன்னுக்கு ஈந்தா இன்னும் ஈக்கும்."

அப்பா மூடியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, திறந்த ஜாடியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு நானாவுக்கு முன்னால் நடந்தார்.