‘விடு’ என்றால் எதை விடுவது?

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேலேயே இருக்கிறது, சூடு பண்ணிச் சாப்பிடுங்கள். குழாய் ரிப்பேர்காரர் பதினொரு மணிக்கு வருவார்.

நேற்று அந்த அணில் வீடியோ கேமில் என் அணில் கயிற்றில் ஊஞ்சலாடும்போது “விடு, விடு!” என்று கத்தினீர்களே, அதை “உன்னால முடியாது, விட்டுடு” என்று எடுத்துக்கொண்டேன். அதனால்தான் கன்ட்ரோலரைப் போட்டுவிட்டு, “இனிமே உங்ககூட விளையாடினா ஏன்னு கேளுங்க” என்று எழுந்துபோனேன். இன்று காலை தனியாக ஆடியபோதுதான் புரிந்தது: கயிறு உச்சிக்குப் போனதும் பொத்தானை விட வேண்டுமாம்! முழுசாகச் சொன்னால் வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

ஆனாலும் உங்கள் வாள்சண்டை விளையாட்டு வெறும் பகட்டுதான். ஒரே அரக்கனை அரைமணி நேரம் அடிப்பது, போர்வை துவைக்கிற மாதிரி இருக்கிறது. அணில் விளையாட்டுதான் நேர்மையானது. விழுந்தால் தப்பு நம்முடையது. பனிமலைக் கட்டத்தை மட்டும் யாரோ வயிற்றெரிச்சலில் செய்திருக்கிறார்கள்.

மருந்துக்கடை வேலை முடிந்து ஆறு மணிக்கு வந்துவிடுவேன்.

பி.கு.: காலையில் அந்தக் கயிற்றைத் தாண்டிவிட்டேன். பெரிதாகக் கத்தவும் செய்தேன், திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் ஆளில்லை. அதனால் ஆட்டத்தைச் சேமிக்காமலே அணைத்துவிட்டேன். சாயங்காலம் மறுபடி தாண்டுகிறேன், கூடவே உட்காருங்கள்.